டப்பா மூடித் தோட்டம்

ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு அந்த மண்ணைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அது மண்ணே அல்ல. என்ஜின் அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய சாம்பல், உருகி இறுகிப்போன கரிக்கட்டி, என்றைக்கோ பள்ளம் நிரப்பக் கொண்டுவந்து போட்ட சரளை, எல்லாம் கலந்த ஒன்று. வெறுங்காலோடு நாலடி நடந்தால் உள்ளங்கால் கறுத்துவிடும். முதல் மழைக்கு எல்லா ஊரிலும் மண்வாசனை வரும் என்பார்கள். எங்களுக்கு வந்தது அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்த நெடிதான்.

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால், என்ஜின்கள் நிற்கும் லோகோ ஷெட்டை ஒட்டி எங்கள் வரிசை இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கு முன்பும் பழைய கம்பியைக் கட்டி அடைத்த ஒரு சின்ன இடம். அதற்குத் தோட்டம் என்று பெயர். ரயில் கார்டு ஒருவர் வீட்டில் மட்டும் சிமெண்ட் தொட்டிகளில் குரோட்டன்ஸ் இருந்தது. அதற்கும் மண் வெளியிலிருந்து வந்தது. மற்ற வீடுகளில் துணி காயும், கோழி மேயும்.

எங்கள் அப்பா என்ஜின் டிரைவர். திருச்சி, காட்பாடி என்று போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வந்தால் குளித்துவிட்டுத் தூங்குவார். எத்தனை குளித்தாலும் கண்ணிமை ஓரத்தில் மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு நிற்கும். சின்ன வயதில், எல்லா அப்பாக்களும் மை வைத்துக்கொள்வார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அம்மாவுக்குத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். பெண்ணையாற்றுத் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைவித்த வீட்டுப் பெண். சும்மா கிடக்கும் இடத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாவது படித்தேன், தம்பி இரண்டாவது. அந்த ஆடியில் அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு ஒரு சாக்குமூட்டையோடு பஸ்ஸில் திரும்பினாள். மூட்டையை ஏற்ற வந்த கண்டக்டருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னாம்மா இந்தக் கனம் கனக்குது? மல்லாட்டையா?" எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்.

"மண்ணுங்க."

"மண்ணா? ஏன், விழுப்புரத்துல மண்ணு இல்லியா?"

"இல்லீங்க," என்றாள் அம்மா. பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த மண்ணைக் குழி பறித்துக் கொட்டி, கனகாம்பரமும் டிசம்பர் செடியும் ஒரு ரோஜாக் குச்சியும் வைத்தாள். அரிசி கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, சாணம் என்று எல்லாவற்றையும் ஊட்டினாள். ஊர் மண் இருக்கிற ஆழம்வரை வேர் போயிற்று. அதற்குக் கீழே சாம்பலில் இறங்கியதும் ஒவ்வொன்றாக முடிந்தன. இலைகள் வாடக்கூட இல்லை. பொரித்த வற்றல்போல மொறுமொறுவென்று ஆயின. ரோஜா கடைசியாகப் போயிற்று. அம்மா அதைப் பிடுங்கவில்லை. கொஞ்ச நாள் அந்தப் பக்கமே பார்க்காமல் துணி காயப்போட்டாள்.

பிறகு ஒரு பிற்பகல். பழைய கோக்கோ டப்பாவின் மூடி ஒன்று அம்மா கையில் அகப்பட்டது. ஏதோ யோசித்தபடி அதன் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி வெட்டி மடக்கினாள். இதழ் இதழாக வந்தது. சிக்னல் கம்பத்துக்கு வர்ணம் அடித்தவர்கள் எறிந்துவிட்டுப் போன டப்பாவின் அடியில் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்து மூடிக்குத் தடவி, செத்த ரோஜாக் குச்சியின் நுனியில் ஆணியால் குத்தி வைத்தாள்.

"இது காயாதில்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். குரலில் கோபம் இருந்ததா விளையாட்டு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தம்பி வாசற்படியில் பையைப் போட்டான். நிமிர்ந்தான். அப்படியே நின்றான். செடிகள் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவற்றைத் திரும்பிப் பார்க்காதவன், இப்போது வாயைப் பிளந்து சிரித்தான்.

"அம்மா! சிவப்பா இன்னாமோ இருக்குதும்மா!"

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இன்னொரு மூடியைத் தேடினாள்.

இப்படித்தான் தொடங்கியது. நம் வீடுகளில் அப்போது எதையும் லேசில் எறியமாட்டோம், உங்களுக்குத் தெரியும். எறியாமல் வைத்த அத்தனையும் அந்தப் பருவத்தில் வெளியே வந்தன. வனஸ்பதி டப்பா மூடி, பால்பவுடர் டப்பா மூடி, சோடா பாட்டில் மூடி, கொட்டாங்கச்சி. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை நகத்தால் நீவி நீவி, சுருக்கம் போனதும் கொட்டாங்கச்சிமேல் சோற்றுப் பசையால் ஒட்டுவோம். முட்டை ஓட்டில் ஒரு பாதிக்கு மஞ்சள், ஒரு பாதிக்குத் துணிக்குப் போடும் நீலம். அவற்றைக் கனகாம்பரத்தின் காய்ந்த கிளைகளில் தொப்பிபோல் மாட்டுவோம்.

உடைந்த வளையல் துண்டுகளை அம்மா விளக்குச் சுடரில் காட்டுவாள். கண்ணாடி இளகி வளையும்போது இன்னொரு வளையத்தைக் கோர்த்து மூடிவிடுவாள். அப்படிச் சங்கிலி சங்கிலியாகச் செய்து, துணி கிழிந்துபோன அப்பாவின் குடையைக் கழியில் நட்டு, அதன் கம்பிகளில் தொங்கவிட்டாள். ஷெட்டிலிருந்து என்ஜின் கிளம்பினால் தரை அதிரும். அந்த அதிர்வில் சங்கிலிகள் கிலுகிலுவென்று பேசும். நான் மனப்பாடச் செய்யுளைக் கத்திப் படிக்கும்போது இந்தச் சத்தம் வந்து கலைத்துவிடும்.

எல்லாவற்றிலும் உசத்தி பல்புகள். எரிந்துபோன பல்பின் பித்தளைத் தலையை இடுக்கியால் பக்குவமாகக் கழற்றி, உள்ளே இருப்பதை உதறிவிட்டு, தண்ணீர் நிரப்புவோம். ஒன்றில் குங்குமம், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீலம். வேப்பிலையை அரைத்துப் பிழிந்து பச்சை. அது இரண்டே நாளில் நாறத் தொடங்கி, அடிக்கடி புதிதாகப் பிழிந்து மாற்ற வேண்டியதாயிற்று. சாயங்கால வெயில் யார்டைத் தாண்டிச் சாய்வாக வரும்போது, பல்பு நிறங்கள் சுவரில் விழுந்து நடுங்கும்.

ஊர் சும்மா இருக்குமா? கார்டு வீட்டம்மா தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்பார். "ஏங்க டிரைவர் வீட்டம்மா, குப்பைக்காரன் உங்க வீட்டுக்கு வர்றதில்லையா? எல்லாம் வாசல்லயே தொங்குதே!"

"வருவாங்க. குடுக்கத்தான் ஒண்ணும் மிச்சமில்ல," என்று அம்மா சிரிப்பாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் லைனுக்கு வண்டி எடுத்துப் போய்விட்டு வந்தவர் கம்பி வேலிக்கு வெளியிலேயே நின்றார். "இன்னா இது, பழைய இரும்புக் கடையா? நாலு பேரு போற வர்ற எடத்துல இப்படியா பண்ணி வைப்பே?"

"புள்ளைங்க ஆசையா செஞ்சதுங்க."

"புள்ளைங்க படிக்கட்டும். அதுவும் அவன்." அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

தம்பியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவனுக்கு வீட்டிலும் பள்ளியிலும் கெட்ட பெயர். சொம்பு நடுவீட்டில் இருந்தால் உதைத்துவிட்டுப் போவான். எதிரில் வரும் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லமாட்டான், திமிர் என்றார்கள். பந்து எறிந்தால் பிடிக்கமாட்டான், சோப்ளாங்கி என்றார்கள். பள்ளியில் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டதை அவன் எழுதுவதே இல்லை. பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார்த்து எழுதி அடி வாங்குவான். மக்குகளுக்கென்று இருந்த கடைசி பெஞ்சில் அவனை உட்கார வைத்தார்கள். அங்கிருந்து அவன் இன்னும் மக்கானான்.

வீட்டில் அவன் இருந்த இடம் வாசற்படி. சாயங்காலமானால் அங்கே உட்கார்ந்து மூடிகளையும் பல்புகளையும் பார்ப்பான். என்னடா பார்க்கிறாய் என்று கேட்டால் திரும்பாமலே சிரிப்பான். செய்யும்போது மட்டும் அவனைப்போல் செய்ய ஆள் கிடையாது. மூடியை மூக்கருகே வைத்துக்கொண்டு, மயிரிழை பிசகாமல் இதழ் வெட்டுவான். அம்மா வெட்டியதும் அவன் வெட்டியதும் பக்கத்தில் வைத்தால் அவனுடையதுதான் அழகு. இத்தனை கூர்மையாக வெட்டுகிறவனுக்குச் சொம்பு தெரியாதா என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. பக்கத்தில் பார்க்கிற கண்ணும் தூரத்தில் பார்க்கிற கண்ணும் ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

புரட்டாசியில் ஒருநாள், அப்பா வருகிற வண்டி பகலிலேயே வரும் என்று தகவல். அம்மா எங்கள் இருவரையும் சோற்றுக் கேரியருடன் பிளாட்பாரத்துக்கு அனுப்பினாள். அப்பா ஷெட்டுக்குப் போகாமல் அப்படியே வேறு வண்டி ஏற வேண்டுமாம். கூட்டம். நீராவி. என்ஜினிலிருந்து இரண்டு மூன்று பேர் இறங்கி நடந்தார்கள், எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே கரி. தம்பி என் கையை உதறிவிட்டு ஓடினான். "அப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய், முன்னால் வந்த ஆளின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

அது அப்பா இல்லை. அப்பா நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அந்த ஆள் சிரித்துவிட்டார். "யோவ், உம் புள்ளைக்கு அப்பன் யாருன்னே தெரியலியே! நீ வூட்டுக்குப் போறியா இல்லியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. அருகில் வந்து தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "கிண்டலா பண்றே? அப்பன்கிட்டயே கிண்டலா?" தம்பிக்கு எதற்கு அடி என்றே விளங்கவில்லை. அழவும் இல்லை. அப்பா முகத்துக்கு மிக அருகில் தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அப்பா," என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். அதையும் அப்பா கிண்டல் என்றே எடுத்துக்கொண்டார். சோற்றுக் கேரியரை வாங்காமலே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நான் நடந்ததைச் சொன்னேன். அம்மா கேரியரைப் பிரித்து எங்களுக்கே சோறு போட்டாள். தம்பி சாப்பிட்டுவிட்டு வாசற்படிக்குப் போனான். அம்மா தோட்டத்தில் இறங்கி, சாய்ந்திருந்த குடைக் கழியை நிமிர்த்தினாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"கண்ணு, அந்த ஆணி விழுந்துட்ட மூடிய எடுத்தாடா. நீ வெட்டினியே, எட்டு இதழு வெச்சது."

தம்பி எழுந்து வந்தான். வரிசையாக நின்ற குச்சிகளில் முதல் மூடியருகே குனிந்தான், மூக்கு உரசும்படி. இது இல்லை. அடுத்த குச்சி. அங்கேயும் குனிந்தான். இப்படியே ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பவன்போல் போனான். அவன் தேடிய மூடி அம்மா காலடியில் வெயிலில் கிடந்தது. அம்மா கழியைப் பிடித்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழியை விட்டுவிட்டாள். குடை சரிந்து வளையல் சங்கிலிகள் சாம்பலில் விழுந்தன. உடைந்தவை மறுபடி உடைந்தன. அம்மா அதைக் கவனிக்கவில்லை. ஓடிப்போய்த் தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"இத்தினி நாளா ஏண்டா சொல்லல?"

"எதம்மா?"

அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பான்.

இரண்டு நாள் கழித்து அப்பா வந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா பொறுத்திருந்தாள்.

"ஏங்க, புள்ளைக்குக் கண்ணு சரியா தெரியலீங்க. டாக்டருகிட்ட காட்டணும். கண்ணாடி போடணும்னா போட்டுடலாம்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "டிரைவர் புள்ளைக்குக் கண்ணாடியா? இன்னா பேசுற நீ?"

அந்தக் கோபம் அன்று எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது. டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. நிறம் தவறிச் சொன்னதால் என்ஜினிலிருந்து இறக்கப்பட்டு, ஷெட்டில் வேறு வேலைக்குப் போன ஒரு நண்பர் அப்பாவுக்கு இருந்தார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பாவின் குரல் தாழ்ந்துவிடும். பரிசோதனைக்குப் போகிற வாரம் வீட்டில் யாரும் கண் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. தனக்குப் பிறகு மகனும் என்ஜின் ஏறுவான் என்று எண்ணியிருந்த மனிதர். பயம்தான் அவரிடம் கோபமாக வெளிவந்தது.

"நானே டெஸ்ட் பண்றேன், வாடா," என்று தம்பியை இழுத்து வாசற்படியில் நிறுத்தினார். அத்தனை நாள் கண்டால் ஆகாதிருந்த அந்தத் தோட்டத்துக்குள் போய், வேலி ஓரத்தில் நின்று, ஒவ்வொரு மூடியாகக் காட்டினார்.

"இது இன்னா கலரு?"

"சிவப்பு."

"இது?"

"மஞ்சள்."

பல்பைக் காட்டினார். "நீலம்." வேப்பிலைப் பல்பு. "பச்சை." ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது, அதைவிட நிம்மதி இருந்தது.

"பாத்தியா? கலரு டக்டக்குன்னு சொல்றான். கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் கொழுப்பு. சும்மா பேஜாரு பண்ணாதே."

வேறு நாளாக இருந்தால் அம்மா அதோடு நிறுத்தியிருப்பாள். அன்று அவள் நிறுத்தவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பா நின்ற இடத்துக்குப் போனாள். "கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுங்க," என்றாள். அப்பாவிடம் அப்படி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா நகர்ந்தார்.

அம்மா சிவப்பு மூடியைத் தூக்கினாள். "கண்ணு, இது இன்னாது?"

"சிவப்பு."

மூடியை வைத்துவிட்டுச் சிவப்பு பூசிய கொட்டாங்கச்சியைத் தூக்கினாள். "இது?"

"சிவப்பு."

உடையாமல் மிஞ்சியிருந்த நீளமான சிவப்பு வளையல் சங்கிலியைத் தொங்கவிட்டுக் காட்டினாள். "இது இன்னாது? கலரு கேக்கலடா ராசா. இது இன்னா பொருளு? வட்டமா, நீட்டா?"

தம்பி திணறினான். அப்பாவைப் பார்த்தான், அம்மா இருக்கும் பக்கம் பார்த்தான். அழுகை முட்டியது. "சிவப்பாத்தாம்மா இருக்குது," என்றான்.

அம்மா சங்கிலியைக் கீழே வைத்தாள். வெறும் கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூன்று விரலை விரித்துக் காட்டினாள். "இப்ப சொல்லு. எத்தினி விரலு?"

தம்பி கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தான்.

"அம்மா," என்றான் தம்பி தயங்கித் தயங்கி. "நீ கைய தூக்கினு இருக்கியா?"

அப்பா அப்படியே நின்றார். அம்மா கையை இறக்க மறந்து நின்றாள். பிறகு அப்பா மெதுவாக நடந்து வந்து வாசற்படியில், தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் முதுகைத் தடவினார். அன்று அடி விழுந்த இடம்தான்.

"அன்னிக்கு பிளாட்பாரத்துல..." என்று தொடங்கியவரால் முடிக்க முடியவில்லை.

"அவரும் நீலச் சட்டை போட்டிருந்தாருப்பா," என்றான் தம்பி, தானே மன்னிப்புக் கேட்பவன்போல.

மறுநாள் அப்பா லீவு சொன்னார். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவர். அப்பா, அம்மா, தம்பி, நான் நால்வரும் புதுச்சேரி பாசஞ்சரில் போனோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் தம்பியை இருட்டறையில் உட்கார வைத்து, வட்டச் சட்டம் மாட்டி, கண்ணாடிகளைப் போட்டுப் போட்டு எடுத்தார். முடித்ததும் அப்பாவைப் பார்த்து, "இத்தனை நாள் இவன் எப்படி நடமாடினான்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, வியந்துதான் கேட்டார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

கண்ணாடி தயாரானதும் மறுபடி போனோம். கறுப்பு ஃபிரேம், கடலை உருண்டை கனத்துக்குக் கண்ணாடி, காதில் நிற்காமல் நழுவியதால் பின்னால் ஒரு நாடா. நம்மில் பாதிப் பேர் இப்போது கண்புரை எடுத்துக்கொண்டவர்கள். கட்டு அவிழ்த்த அன்று சுவர் எத்தனை வெள்ளையாகத் தெரிந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறோம். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த ரயில் பயணம்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஜன்னலை விட்டு அவன் நகரவில்லை.

"அம்மா, கம்பி! கம்பத்துலேருந்து கம்பத்துக்குக் கம்பி கட்டியிருக்காங்கம்மா!"

தந்திக் கம்பங்கள் மட்டும் தனித்தனியாக எதற்காக நிற்கின்றன என்று அவன் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வண்டி நிற்குமுன் உரக்கப் படித்தான். எதிர் பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரிக்கோடு ஓடிய இமைகள் நனைந்திருந்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவனைக் கைபிடித்து வாசற்படியில் நிறுத்தினாள். உச்சி வெயில். தன் தோட்டத்தை அவன் முதன்முதலாக முழுசாகப் பார்க்கப் போகிறான் என்று அவளுக்கு அத்தனை ஆசை. அவன் இடமிருந்து வலமாகப் பார்த்தான். வலமிருந்து இடமாகப் பார்த்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"இன்னாடா?"

"இங்கேருந்து பாத்தாலும் மூடியாவே தெரியுதும்மா," என்றான் சின்னக் குரலில். "துருப் பிடிச்சிருக்குது. அந்தக் கொட்டாங்கச்சியில தாளு பிஞ்சிருக்குது."

அம்மா ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கார்டு வீட்டம்மா தொட்டியருகிலிருந்து எட்டிப் பார்த்தார். "இதத்தாண்டா அந்த அம்மா அன்னிலேருந்து சொல்லிக்கினு இருக்காங்க!" என்றாள் அம்மா. அப்பாவும் சிரித்துவிட்டார்.

பள்ளியில் வாத்தியார் தம்பியின் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் தன் கண்ணருகே வைத்துப் பார்த்தாராம். திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் பெஞ்சைக் காட்டினாராம். அந்த அரைப் பரீட்சையில் அவன் என்னைவிட நன்றாக எழுதினான் என்பது எனக்கு அப்போது கொஞ்சம் வருத்தமே.

அந்தப் பரீட்சைக்கு முன்னால், ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம். அப்பா டியூட்டி முடிந்து வந்து வேலிக் கதவைத் திறந்தார். நான் உள்ளே ஜன்னலருகே பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வெயில் யார்டு பக்கமிருந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. தம்பி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி அவன் மடியில் இருந்தது.

"ஏண்டா கழட்டினே?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "எந்நேரமும் போட்டுக்கணும்னு டாக்டரு சொன்னாரில்ல? ஜல்தி போடு."

"கொஞ்ச நேரம்பா. இதப் பாத்துட்டுப் போட்டுக்கறேன்."

"கண்ணாடி இல்லாம இன்னாத்தப் பாக்குற?"

தம்பி தோட்டத்தைக் காட்டினான். "போட்டுக்கினா மூடியாத் தெரியுதுப்பா. கழட்டினா பூவாட்டம் தெரியுது. ஒவ்வொண்ணும் பெர்சா, வெளிச்சமா, ஒண்ணு மேல ஒண்ணு வந்து ஒட்டிக்கினு. சிவப்பும் மஞ்சளும் ஒட்டுற எடத்துல வேற ஒரு கலரு வருது. எனக்கு எப்பவும் அப்பிடித்தான் இருந்துச்சு."

அப்பா சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார். குளிக்காமல், அந்தக் கரி உடுப்போடு படியில் உட்கார்ந்தார். தோட்டத்தைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார்.

"எனக்குத் தெரியலியேடா."

"கண்ண இடுக்காதப்பா. இடுக்கினா மூடியாயிடும். சும்மா வுடு. தூங்கப் போறப்போ வுடுவியே, அப்பிடி."

தண்டவாளத்தில் இம்மி பிசகாமல் பார்த்துப் பழகிய கண்கள் அவை. அவற்றை எப்படிச் சும்மா விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இமையைத் தாழ்த்தினார், திறந்தார், தலையைச் சாய்த்தார். தம்பி பொறுமையாகத் தன் சின்னக் கையை அப்பாவின் கண்களுக்கு மேலே, வெயில் மறைக்கப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஏங்க, தண்ணி சூடா இருக்குது, குளிக்க வர்றீங்களா?"

"இரு, வர்றேன்," என்றார் அப்பா. அசையவில்லை. "இப்ப கொஞ்சம் தெரியுறாப்புல இருக்குதுடா. அந்தக் கடைசியில இருக்கிறது... அது நீலமா?"

"ஆமாம்பா," என்றான் தம்பி. "அது நீலம்."